ஏற்காடு: படகு, பஜ்ஜி, லேடீஸ் சீட் தாண்டி பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம், என்ன சொல்லலாம்?

அஸ்தம்பட்டி வாசி

எல்லோருக்கும் வணக்கம். அடுத்த வாரம் மதுரையிலிருந்து அக்கா பிள்ளைகள் இரண்டு பேர் வருகிறார்கள். பெரியவள் பத்தாவது எழுதி முடித்திருக்கிறாள், சின்னவன் ஆறாவது. இரண்டு நாள் ஏற்காட்டில் தங்கலாம் என்று திட்டம்.

நான் சேலத்திலேயே பிறந்து வளர்ந்தவள். எத்தனை முறை மலை ஏறியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. ஆனால் யோசித்துப் பார்த்தால் எல்லா முறையும் ஒரே மாதிரிதான். காலையில் பஸ், இருபது கொண்டை ஊசி வளைவு, ஏரியில் அரை மணி நேரம் படகு, அண்ணா பூங்கா, ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி, லேடீஸ் சீட்டில் நின்று கீழே சேலத்தைப் பார்த்து "அதோ அந்தப் பக்கம்தான் நம்ம வீடு" என்று கை நீட்டுவது, இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது.

நேற்று போனில் பெரியவள் கேட்டாள். "சித்தி, ஏற்காட்டை 1842-ல சர் தாமஸ் மன்றோ கண்டுபிடிச்சாராம், நெட்ல போட்டிருக்கு. அதுக்கு முன்னாடி அங்க யாருமே இல்லையா?" எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டு ஜன்னலைத் திறந்தால் தெரிகிற மலை. அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லத் தெரியாமல் போனது மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கே தங்குவது, என்ன சாப்பிடுவது என்பதெல்லாம் எனக்கே தெரியும். ஊரைப் பற்றிச் சொல்லுங்கள், போதும்.

கல்வெட்டுப் பித்தன்

அக்கா, உங்கள் அக்கா மகளுக்கு முதலில் ஒரு சபாஷ். அந்த 1842 கதை பல வருடமாக எல்லா இடத்திலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. சுற்றுலாக் கையேடு, கட்டுரை, வீடியோ என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி எழுதியே அது உண்மை மாதிரி ஆகிவிட்டது.

மன்றோ மதராஸ் கவர்னராக வந்தது 1820. பதவியில் இருக்கும்போதே, 1827 ஜூலை 6-ம் தேதி, இன்றைய கர்னூல் பக்கம் உள்ள பத்திகொண்டாவில் காலரா கண்டு இறந்துபோனார். சென்னை தீவுத்திடல் பக்கம் சேணம் இல்லாத குதிரையில் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான். செத்துப் பதினைந்து வருடம் கழித்து வந்து ஒரு ஊரைக் கண்டுபிடிக்க முடியாது.

அதற்காக அவருக்கும் நம் பக்கத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. 1792-ல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தானிடமிருந்து பாராமகாலும் (இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம்) சேலமும் கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்தன. நிர்வாகத்துக்கு வந்தவர் அலெக்சாண்டர் ரீட். அவருக்குக் கீழே உதவியாளராக இருந்து நிலத்தை அளந்து வரி போட்டவர்களில் ஒருவர் இளவயது மன்றோ. 1799 வரை இந்தப் பக்கம்தான் சுற்றினார். அந்த ஞாபகத்தில் யாரோ அவர் பெயரை மலையோடு ஒட்டியிருக்கலாம் என்பது என் ஊகம்.

வெள்ளைக்காரர்கள் மேலே வீடு கட்டித் தங்க ஆரம்பித்ததற்கு நீங்கள் சொல்ல வேண்டிய பெயர் எம். டி. காக்பர்ன். ஸ்காட்லாந்துக்காரர். 1820 முதல் 1829 வரை சேலம் கலெக்டர். காபி, பேரிக்காய், ஆப்பிள், ஆரஞ்சு வகைகளை மலையில் நட்டுப் பார்த்தவர். கிரேஞ்ச் எஸ்டேட் அவருடையது, காபி முதலில் அங்கேதான் வேர் பிடித்தது. 1857-ல் வடக்கே கலகம் என்று செய்தி வந்தபோது கிரேஞ்ச் பங்களாவை அரண் மாதிரி பலப்படுத்திப் பீரங்கியும் வைத்தார்களாம். ஏற்காட்டின் தந்தை என்று அவரைச் சொல்கிற வழக்கம் உண்டு.

நாகலூர்க்காரன்

கல்வெட்டு அண்ணன் சொன்ன தேதியெல்லாம் சரி. ஆனால் "கண்டுபிடித்தார்", "ஏற்காட்டின் தந்தை" என்ற இரண்டு சொல்லையும் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நாங்கள் இங்கேதான் இருந்தோம், இன்னும் இருக்கிறோம்.

நான் மலையாளி. கேரளத்து மலையாளி இல்லைங்க. மலையை ஆள்கிறவன், மலையில் வாழ்கிறவன் என்ற பொருளில் மலையாளி. வீட்டில் பேசுவது தமிழ்தான். சேலத்தில் காலேஜ் சேர்ந்த முதல் நாள் வகுப்பில் "மலையாளி" என்று சொன்னதும், "அப்போ கேரளாவில் எந்த ஊர்?" என்று கேட்டார்கள். முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற எங்களைத் தெரியவில்லை. அன்றைக்குப் பட்ட வருத்தம் இன்னும் இருக்கிறது.

எங்கள் பெரியவர்கள் சொல்கிற கதை இது. முன்னோர்கள் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள். அண்ணன் தம்பி மூன்று பேர். பெரியண்ணன் சேர்வராயன் மலைக்கு வந்தான், நடுவண்ணன் பச்சைமலைக்குப் போனான், சின்னண்ணன் கொல்லிமலைக்குப் போனான். அதனால்தான் மூன்று மலையிலும் நாங்கள் உறவுக்காரர்கள். சரித்திரப் புத்தகம் இதை ஏற்குமா என்று நான் சண்டை போடவில்லை. ஆனால் தாத்தா மடியில் உட்கார்ந்து கேட்ட கதை. காக்பர்ன் துரை வருவதற்கு முன்னால் இந்த மலை நாடு நாடாகப் பிரிந்து, ஊருக்கு ஒரு கவுண்டர், நாட்டுக்கு ஒரு பட்டக்காரர் என்று பஞ்சாயத்து நடந்த இடம். சாமையும் கேழ்வரகும் விளைந்த இடம். காபி வந்த பிறகு அந்த நிலமெல்லாம் யார் கைக்குப் போனது என்று மேலே போகும்போது இரண்டு பக்கமும் உள்ள எஸ்டேட் கேட்டுகளைப் பார்த்தாலே தெரியும்.

அப்புறம் மலையின் பெயர். சேர்வராயன் எங்கள் சாமி. வெள்ளைக்காரர் வாயில் அது ஷெவராய் ஆனது, அதை நாமே திருப்பி "ஷெவராய்ஸ்" என்று போர்டு எழுதி மாட்டுகிறோம். பிள்ளைகளுக்கு முதலில் இதைச் சொல்லுங்கள் அக்கா. ஏரிக்கரையிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் மேலே கோயில் இருக்கிறது, கட்டாயம் கூட்டிப்போங்கள்.

கல்வெட்டுப் பித்தன்

நாகலூர்த் தம்பி, நீங்கள் சொன்னது நியாயம். "தந்தை" என்ற சொல்லை நான் அப்படியே எடுத்து எழுதியிருக்கக் கூடாது. காபியைக் கொண்டுவந்தவர் என்பதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சூரமங்கலம் ரயிலடி

ஒரு சின்னச் சேர்க்கை. 1861-ல் சேலத்துக்கு ரயில் வந்தது, அதாவது எங்கள் சூரமங்கலம் ஜங்ஷன். மதராஸ் வெயில் தாங்காதவர்கள் ராத்திரி ரயில் ஏறி இங்கே இறங்கி, அடிவாரத்திலிருந்து குதிரையிலோ டோலியிலோ மேலே போனார்கள். ஊட்டி அளவுக்குப் பெரிதாகாவிட்டாலும், நடுத்தரச் சம்பளக்காரர்களும் மிஷனரிகளும் ஓய்வு பெற்றவர்களும் தங்கும் மலையாக ஏற்காடு வளர்ந்ததற்கு ரயில் ஒரு பெரிய காரணம். பள்ளிகள் வந்ததும் அந்தக் குளிரை நம்பித்தான். சேக்ரட் ஹார்ட் கான்வென்ட் 1894, மான்ட்ஃபோர்ட் பள்ளி 1917.

தமிழாசிரியர் (ஓய்வு)

ஊர்ப் பெயரைப் பற்றி யாரும் பேசவில்லையே. ஏரியும் காடும் சேர்ந்தது ஏற்காடு என்று எல்லோரும் சொல்வார்கள். சரி, ஆனால் உங்கள் அக்கா மகள் பத்தாவது படித்தவள், இலக்கணம் கேட்டால் என்ன செய்வீர்கள்? ஏரி + காடு என்றால் ஏரிக்காடு என்றுதான் வர வேண்டும். அது பேச்சில் குறுகி ஏர்க்காடு ஆகலாம். ஏரியில் இருப்பது இடையின ர. ஊர்ப் பெயரில் நிற்பதோ வல்லின ற். இது எப்படி?

இதற்கு நம் நாட்டிலேயே ஒரு அண்ணன் இருக்கிறான், ஆற்காடு. சங்கப் பாடல்களில் அந்த ஊர் "ஆர்க்காடு" என்றே வருகிறது. ஆர் என்றால் ஆத்தி மரம். பிற்காலத்தில் எழுத்து மாறி ஆற்காடு என்று நிலைத்துவிட்டது. ஆர்க்காடு ஆற்காடு ஆனதுபோல் ஏர்க்காடு ஏற்காடு ஆகியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. பிள்ளைகளிடம் இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், பிடித்துக்கொள்வார்கள்.

பேர்லண்ட்ஸ் பையன்

ஐயா, ஏழு காடு இருந்ததால் ஏழ்காடு, அதுவே ஏற்காடு ஆனது என்று எங்கள் பாட்டி சொல்வாரே?

தமிழாசிரியர் (ஓய்வு)

நானும் கேட்டிருக்கிறேன் தம்பி. ழகரம் றகரமாகத் திரிவதற்கு உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஏரி இருக்கும்போது ஏழு காட்டைத் தேடி எதற்குப் போக வேண்டும்? ஆனால் பாட்டி சொன்னதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மலைக்குக் கீழே இருந்தவர்கள் மேலே இருந்ததை எப்படி நினைத்தார்கள் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி.

காபித் தோட்டத்துப் பெண்

நான் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவள். அம்மா முப்பது வருடம் காபி பறித்தார். இப்போது கோவையில் இருக்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அக்கா, நீங்கள் போகிற நேரம் நல்ல நேரம். கோடை மழை ஒன்று பெய்திருந்தால் காபி பூத்திருக்கும். நாங்கள் அதைப் பூ மழை என்போம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்தால் எட்டு, பத்து நாளில் தோட்டம் முழுக்க ஒரே நாளில் வெள்ளையாகிவிடும். குச்சியை ஒட்டிக் கொத்துக் கொத்தாக, மல்லிகை மாதிரி. வாசனையும் கிட்டத்தட்ட மல்லிகைதான், ஆனால் இன்னும் கொஞ்சம் கனமானது. விடியற்காலையில் கதவைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும். இரண்டு, மூன்று நாள்தான். அப்புறம் பழுப்பேறி உதிர்ந்துவிடும். அந்த மழை சரியாக வராவிட்டால் அந்த வருடம் காயே கம்மி. எங்கள் வீட்டில் தீபாவளித் துணியின் கணக்கு ஏப்ரல் மழையிலேயே தெரிந்துவிடும்.

பழம் பறிப்பு நவம்பரில் தொடங்கி ஜனவரி வரை போகும். செடியில் எல்லாம் ஒரே நாளில் பழுக்காது. ஒரே கொத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் கிள்ள வேண்டும், பச்சை விழுந்தால் மேஸ்திரி திட்டுவார். அம்மா விரல் நுனி எப்போதும் கறுத்துப் பிசுபிசுப்பாக இருக்கும். காட்டுக்குள் பனியில் நனைந்த செடி, காலை ஏழு மணிக்கே பாவாடை முழங்கால் வரை ஈரம். அட்டை கடிக்கு உப்புப் பொட்டலம் இடுப்பில். சாயங்காலம் எடை போடும் இடத்தில் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். தராசு முள்ளையே பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாவின் முகம் எனக்கு இப்போதும் அப்படியே தெரிகிறது.

பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். காபிச் செடிக்கு நேர் வெயில் ஆகாது, அதனால் மேலே நிழல் மரம். நெட்டையாக நிற்கிற சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, பலா நம்முடையது. அந்த மரத்திலேயே மிளகுக் கொடி ஏறியிருக்கும். ஒரே நிலத்தில் மூன்று அடுக்கு. யாராவது எஸ்டேட்காரரிடம் கேட்டுவிட்டு உள்ளே போங்கள், கேட்காமல் நுழையாதீர்கள். காட்டெருமை வருகிறது என்பதும் ஒரு காரணம். இப்போது தோட்டத்துக்குள் சாதாரணமாக நடமாடுகின்றன, விடிகாலையிலும் சாயங்காலமும் கவனம் வேண்டும்.

அஸ்தம்பட்டி வாசி

தங்கச்சி, நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். தராசு முள் என்ற இடத்தில் கண் கலங்கிவிட்டது. தினமும் ஏற்காட்டுக் காபிப்பொடி வாங்குகிறேன். அந்தக் கையை நினைத்ததே இல்லை.

கல்வெட்டுப் பித்தன்

பிள்ளைகளோடு ஹோலி டிரினிட்டி சர்ச் பக்கமும் போய் வாருங்கள் அக்கா. அங்கே இராபர்ட் புரூஸ் ஃபூட்டின் அஸ்தி அடங்கியிருக்கிறது. 1863 மே 30-ம் தேதி சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல் கோடரியைக் குனிந்து எடுத்தாரே, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் வாழ்ந்தான் என்று அதன் மூலம் காட்டினாரே, அந்த மனிதர். நிலவியல் துறை வேலை முடிந்து அவர் வீடாக்கிக்கொண்டது ஏற்காட்டை. 1912 டிசம்பரில் கல்கத்தாவில் இறந்தார். ஆனால் அஸ்தி இங்கேதான் வந்தது.

அவர் ஏன் இந்த மலையைப் பிடித்தார் என்று கேட்டால் இரண்டு பதில் உண்டு. ஒன்று, சேர்வராயன் மலையிலேயே புதிய கற்காலக் கோடரிகள் நிறையக் கிடைத்தன. தேய்த்து வழவழப்பாக்கிய கோடரிகள். மலை மக்கள் அவற்றைக் கோயில்களில் வைத்துக் கும்பிட்டு வந்தார்கள். நாகலூர்த் தம்பி, உங்கள் முன்னோர் வந்த காலத்துக்கும் முன்னால் இங்கே கல்லைத் தீட்டி மரம் வெட்டியவன் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் விட்டுப்போனதை எடுத்துச் சாமி பக்கத்தில் வைத்துக் காப்பாற்றியவர்கள் உங்கள் ஆட்கள். ஃபூட் சேர்த்த கற்கருவிகள் 1904-ல் சென்னை அருங்காட்சியகத்துக்குப் போயின. எழும்பூர் போனால் பார்க்கலாம்.

இரண்டாவது பதில் அவர் மாமனார், பீட்டர் பெர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் இருந்தபோது ஆறுமுக நாவலரைத் துணையாக வைத்துக்கொண்டு விவிலியத்தைத் தமிழாக்கியவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவர், சென்னைக்கு வந்து தினவர்த்தமானி பத்திரிகை நடத்தியவர். 1882-ல் ஏற்காட்டில்தான் காலமானார். யாழ்ப்பாணத்தில் நாவலர் பக்கத்தில் உட்கார்ந்து தமிழ் எழுதியவர் நம் சேலத்து மலையில் வந்து கண் மூடினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மேல் சிலிர்க்கும்.

நாகலூர்க்காரன்

அந்தக் கற்களை எங்கள் ஊர் மரத்தடியில் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன் அண்ணா. உள்ளங்கை அளவு, கறுப்பு, எண்ணெய் ஊறி மினுங்கும். அது கோடரி என்று இன்றைக்குத்தான் தெரியும். தொடக் கூடாது என்று மட்டும் சொல்வார்கள்.

ஏரிக்கரைக்காரி

எல்லோரும் ஏரியைத் தாண்டித் தாண்டிப் பேசுகிறீர்கள். நான் ஏரியைப் பார்த்துக்கொண்டே வாழ்கிறவள், கரையில் பஜ்ஜிக் கடை வைத்திருக்கிறோம். ஏரியைப் பற்றி நான் சொல்கிறேன்.

இந்த ஏரி நிரம்பினால் தண்ணீர் வழிந்து கிளியூர் அருவிக்குப் போகிறது. முந்நூறு அடி அருவி. கோடையில் நூல் மாதிரி இருக்கும், மழைக்குப் பிறகு பார்த்தால்தான் அருவி. அங்கே நின்று தலையை நீட்டிக் குளிக்கிற பிள்ளைகளுக்கு அந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. நாம் கரையில் என்ன போடுகிறோமோ, லாட்ஜ்களும் வீடுகளும் எதை ஓடையில் விடுகின்றனவோ அதுதான் அங்கே தலையில் விழுகிறது. ஆகாயத்தாமரை எடுப்பார்கள், மறுபடி படரும். கழிவு கலக்கும் வரைக்கும் அது படர்ந்துகொண்டேதான் இருக்கும், அதன் சாப்பாடே அந்தக் கழிவுதான்.

மே மாதம் மலர்க் கண்காட்சிக்கு ஊர் தாங்காத கூட்டம் வரும். எங்களுக்கு அந்த ஒரு வாரம்தான் வருடத்தில் கையில் நாலு காசு பார்க்கிற வாரம். அதனால் வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், தயவுசெய்து வாருங்கள். ஆனால் போன வருடம் கண்காட்சி முடிந்த மறுநாள் காலை நானும் என் வீட்டுக்காரரும் கடைக்கு முன்னால் இருபதடி தூரத்தில் மட்டும் பொறுக்கினோம். மூன்று சாக்கு. தண்ணீர் பாட்டில், சிப்ஸ் கவர், குழந்தை டயப்பர். டயப்பரை ஏரிக் கம்பிவேலியில் சொருகி வைத்திருந்தார்கள். பெற்ற பிள்ளையின் அழுக்கைக் கையோடு எடுத்துப்போக முடியாதா?

பேர்லண்ட்ஸ் பையன்

அதனால்தான் சொல்கிறேன், வண்டிகளைக் குறைத்துவிட வேண்டும். அடிவாரத்திலேயே நிறுத்தி பஸ்ஸில் மட்டும் அனுப்பினால் பாதிப் பிரச்சினை தீரும்.

ஏரிக்கரைக்காரி

தம்பி, பஸ்ஸில் வருகிறவர்களும் கவரைக் கீழே போடுகிறார்கள். வண்டியைக் குறைப்பதில் எனக்கும் சம்மதம்தான். ஆனால் பஸ் இப்போதே சனி ஞாயிறு நிற்க இடமில்லாமல் வருகிறது. பஸ்ஸைக் கூட்டிவிட்டு அப்புறம் வண்டியைத் தடுக்கட்டும்.

குப்பனூர் ரைடர்

வழி பற்றி நாலு வார்த்தை. கோரிமேடு, அடிவாரம் வழியாக ஏறுவது வழக்கமான பாதை, இருபது வளைவு. இறங்கும்போது கொட்டச்சேடு, குப்பனூர் வழியாக அயோத்தியாப்பட்டணம் வந்து பாருங்கள். கூட்டம் குறைவு, காட்சி வேறு. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் அடிவாரப் பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றபோது மலைக்கு இன்னொரு வாசல் வேண்டும் என்று எல்லோருக்கும் புரிந்தது. கார் ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் இரண்டாவது கியரில் வாருங்கள், பிரேக்கை மட்டும் நம்பாதீர்கள். வளைவில் ஏறுகிற வண்டிக்கு வழி விடுங்கள். குரங்குக்குத் தீனி போட வளைவில் நிறுத்தவே நிறுத்தாதீர்கள்.

சூரமங்கலம் ரயிலடி

தண்ணீர் பேச்சு வந்ததால் சொல்கிறேன். சேலம் ஊருக்குள் சாக்கடை மாதிரி ஓடுகிறதே திருமணிமுத்தாறு, அது பிறப்பது சேர்வராயன் மலையில். ஓமலூர் வழியாக எடப்பாடி பக்கம் போகிற சரபங்காவும் இதே மலைதான். இரண்டும் கடைசியில் காவிரியில் சேர்கின்றன. சேர்வராயன் கோயில் குகைக்குள் சாமிக்குப் பக்கத்தில் காவேரியம்மன் இருப்பதை நான் இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறேன். மலையில் விழுகிற மழை காவிரிக்குப் போகிறது என்று பழைய ஆட்களுக்குத் தெரிந்திருக்கிறது.

நாகலூர்க்காரன்

அந்தக் குகை உள்ளே போய்க்கொண்டே இருக்கும், காவிரி வரைக்கும் போகும் என்று எங்கள் வீட்டிலும் சொல்வார்கள். அந்த மேட்டைச் சுற்றி மண் செக்கச் செவேல் என்று இருக்கும், அது பாக்சைட். மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இந்த மலையிலிருந்து பல வருடம் லாரி லாரியாகப் போனது. தோண்டிய இடத்தில் புல்லைத் தவிர ஒன்றும் சரியாக முளைக்கவில்லை. வேலை கிடைத்தது என்று சொல்கிற ஆட்களும் எங்கள் ஊரில் உண்டு, என் மாமாவே லாரியில் போனவர். ஆனாலும் அந்த இடத்தைக் கடக்கும்போது எனக்குப் பார்க்கப் பிடிக்காது.

அஸ்தம்பட்டி வாசி

போய் வந்துவிட்டோம். எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

முதல் நாள் காலை நேரே சேர்வராயன் கோயில். காற்று அப்படி அடித்தது, துப்பட்டாவைப் பிடிக்க முடியவில்லை. குகை வாசல் தாழ்வு. சின்னவன் நேராகப் போய்விட்டான், நானும் பெரியவளும் குனிந்தோம். உள்ளே இருட்டு, விளக்கு வெளிச்சம் மட்டும், காலுக்கடியில் ஈரம். பாறையிலிருந்து ஒரு சொட்டு என் கழுத்தில் விழுந்தது. பெரியவள் காதோரம், "சித்தி, 5,326 அடி உயரத்துல நிக்கிறோம், மேல இருந்து எப்படித் தண்ணி வருது?" என்றாள். பூசாரி அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "காவேரியம்மா இருக்கால்ல கண்ணு" என்றார். அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்து வெகுநேரம் அந்தச் செம்மண் மேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பகோடா பாயின்ட்டில் கற்களை அடுக்கி வைத்திருப்பதைச் சின்னவனுக்கு விட்டுவரவே மனசில்லை. மத்தியானம் ஆர்க்கிட் தோட்டம். 1963-ல் ஆரம்பித்தது என்று போனபின்தான் தெரிந்தது. இத்தனை வருடத்தில் ஒரு முறைகூட நான் உள்ளே போகவில்லை. மேகாலயாவிலிருந்து வந்த குடுவைச் செடி, பூச்சி தின்கிற செடி, அதற்கு முன்னால் இருபது நிமிடம். தட்டினால் மணி மாதிரி ஒலிக்கிற பாறையும் அங்கேதான். சர்ச்சுக்கும் போனோம். பெரியவள் பெர்சிவல் பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள். தமிழாசிரியர் ஐயா சொன்ன ஆர்க்காடு, ஏர்க்காடு இரண்டும் அதே பக்கத்தில் இருக்கிறது.

காபிப் பூ கிடைத்தது தங்கச்சி. ஒரு எஸ்டேட் வாசலில் அனுமதி கேட்டோம். உள்ளே இருந்த அம்மா கூட வந்து காட்டினார். பூ வாட ஆரம்பித்திருந்தது, ஆனாலும் வாசனை இருந்தது. அந்த அம்மாவின் விரல் நுனியைப் பார்த்தேன். நீங்கள் எழுதியதுதான் ஞாபகம் வந்தது.

படகும் போனோம். அதை விட்டால் சின்னவன் என்னை மன்னிக்க மாட்டான். ஏரிக்கரைக்காரி அக்கா, உங்கள் கடை எது என்று தெரியாததால் மூன்று கடையில் பஜ்ஜி சாப்பிட்டோம். கவர், பேப்பர், தட்டு எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கீழே கொண்டுவந்துவிட்டோம்.

ஒரு சந்தேகம். வழியில் வாங்கிய பட்டர் ஃப்ரூட்டின் கொட்டையைச் சின்னவன் ஒரு டம்ளர் தண்ணீரில் குச்சி குத்தி நிறுத்தி வைத்திருக்கிறான். மதுரைக்குக் கொண்டுபோவானாம். அந்த வெயிலில் வருமா?

காபித் தோட்டத்துப் பெண்

முளைக்கும் அக்கா. கொட்டையின் அடிப்பாகம் மட்டும் தண்ணீரில் நனையட்டும், தண்ணீரை அடிக்கடி மாற்றச் சொல்லுங்கள். வேர் வந்ததும் தொட்டிக்கு மாற்றி, மத்தியான வெயில் படாமல் கிணற்றடியிலோ சுவர் நிழலிலோ வைக்கட்டும். கொட்டையில் வந்த செடி காய்க்க ரொம்ப வருடம் ஆகும், மதுரையில் காய்க்காமலும் போகலாம். இலை அழகாக இருக்கும்.

நாகலூர்க்காரன்

மே மாதம் சேர்வராயன் திருவிழா. மலை ஊர் அத்தனையும் மேலே வரும். மூன்று பேரும் வாருங்கள் அக்கா, எங்கள் வீட்டில் சாமைச் சோறு.

அஸ்தம்பட்டி வாசி

பெரியவளிடம் சொல்லிவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டு ரயில் டிக்கெட்டைத் தள்ளிப் போடச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.